சொத்தை என்றதும் துளைக்க வேண்டுமா?

பல் மருத்துவரின் நாற்காலியில் மல்லாந்து, கண்ணுக்கு நேரே விளக்கு எரிய, எச்சில் உறிஞ்சும் குழாயை வாயோரத்தில் மாட்டிக்கொண்டு படுத்திருப்பவரால் எதையும் கேட்க முடியாது. தலையை ஆட்டலாம், அவ்வளவுதான். ஒரு பல் கூசுகிறது என்று கடலூரிலோ சிதம்பரத்திலோ மருத்துவரிடம் போனவர், "மூணு பல்லு சொத்தை. ரெண்டை அடைச்சிடலாம், ஒண்ணுக்கு ரூட் கெனால் பண்ணி கேப் போட்டாத்தான் நிக்கும்" என்ற பேச்சைக் கேட்பது இந்தக் கோலத்தில்தான். குடும்பத்தின் ஒரு மாதச் செலவை விழுங்கக்கூடிய முடிவு ஐந்து நிமிடத்தில் ஆகிவிடுகிறது. இதற்கு நம் பக்கத்தில் இரண்டே பதில்கள் வழக்கம். ஒன்று, "நீங்க பாத்து எது செஞ்சாலும் சரி சார்" என்று ஒப்படைத்துவிடுவது. மற்றொன்று, "வீட்ல கேட்டுட்டு வந்துடறேன்" என்று இறங்கிப் போய், ராத்திரித் தூக்கம் கெடும் அளவுக்கு வலி வரும்வரை அந்தத் தெருப் பக்கமே தலைகாட்டாமல் இருப்பது. காரணம் கேட்பது, படத்தைக் காட்டச் சொல்வது, அவசரமில்லை என்றால் இன்னொருவரிடமும் காட்டிவிட்டு முடிவுசெய்வது என்ற மூன்றாவது வழி புழக்கத்திலேயே இல்லை. மற்ற எந்த மருத்துவத்தையும்விடப் பல் மருத்துவத்தில் அந்த வழிக்கு அதிக நியாயம் இருக்கிறது. கடலூர் மாவட்டத்தில் அதற்கு வசதியும் இருக்கிறது.

பொருளாதார அறிஞர்கள் சில சேவைகளைத் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அவற்றில் என்ன தேவை என்று தீர்மானிப்பவரும் அதை விற்பவரும் ஒரே ஆள். வாங்கியவருக்கோ, வாங்கிப் பல நாள் கழித்தும் அது தேவைப்பட்டதா என்று தெரியாது. பைக்கை மெக்கானிக்கிடம் விட்டு எடுத்த எல்லோருக்கும் இந்தச் சங்கடம் தெரியும். பல்லில் இது இன்னும் முற்றிய நிலை. அடைத்த பல் வலிக்காமல் இருக்கிறது என்றால் அது அடைத்ததால்தானா, அடைக்காமல் விட்டிருந்தாலும் வலித்திருக்காதா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. சாட்சியைத் துளைத்து எடுத்து வெளியே கொட்டியாயிற்று. இதைச் சோதித்துப் பார்க்க சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் ஆய்வாளர்கள் ஒரே ஒருவரை நோயாளியாக 180 பல் மருத்துவர்களிடம் அனுப்பினார்கள். அந்த நபரின் பல்லில் எனாமலைத் தாண்டாத மேலோட்டமான சொத்தை மட்டும்தான் இருந்தது. துளைத்து அடைக்கத் தேவையில்லை என்று முன்கூட்டியே உறுதி செய்தாகிவிட்டது. ஆனாலும் 28 சதவீத மருத்துவர்கள் அடைக்க வேண்டும் என்றார்கள். 2020-இல் வெளியான இந்த ஆய்வில் இரண்டு விவரங்கள் என்னை நிறுத்திப் படிக்க வைத்தன. கூட்டமில்லாமல் உடனே நேரம் கொடுக்க முடிந்த மருத்துவர்கள் தேவையற்ற சிகிச்சையை அதிகம் சொன்னார்கள். அதே நோயாளி வசதியானவராகத் தோற்றமளித்தபோது அந்தப் பரிந்துரை குறைந்தது. ஏமாறுபவர் பணக்காரராக இருப்பார் என்று நாம் நினைக்கிறோம். அங்கே நடந்தது நேர்மாறு.

இதைப் படித்ததும் பல் மருத்துவர்கள் எல்லோரும் பணம் பிடுங்குபவர்கள் என்ற முடிவுக்குத் தாவினால் விஷயம் கெட்டுவிடும். வஞ்சகம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு பல் மருத்துவர் நோயாளிகளின் பல்லைத் தானே துளைத்துச் சேதப்படுத்தி, அந்தச் சேதத்தைப் படமெடுத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி, கேப்புக்குப் பணம் வாங்கினார். 2022-இல் அவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. ஆனால் அத்தகையவர்கள் அபூர்வம். தேவையற்ற சிகிச்சையில் பெரும்பகுதி வேறு இடத்திலிருந்து வருகிறது: நேர்மையான இரண்டு மருத்துவர்களே ஒத்துப்போகாத ஓர் இடைநிலம் பல் மருத்துவத்தில் மிகப் பெரிதாக இருக்கிறது. 1997-இல் ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழுக்காக ஒரு பத்திரிகையாளர் அமெரிக்காவின் 28 மாநிலங்களில் 50 பல் மருத்துவர்களிடம் தன் வாயைக் காட்டினார். ஒரே வாய்க்குச் சொல்லப்பட்ட செலவு சுமார் 500 டாலரிலிருந்து ஏறத்தாழ 30,000 டாலர் வரை போயிற்று. பிரிட்டனில் எல்டர்டன் என்ற பேராசிரியர் 1980-களிலேயே ஒரே நோயாளிகளைப் பல மருத்துவர்களிடம் காட்டி, அடைக்க வேண்டிய இடங்கள் என்று ஒருவர் போட்ட கணக்குக்கும் இன்னொருவர் போட்ட கணக்குக்கும் பல மடங்கு வித்தியாசம் இருப்பதைப் பதிவுசெய்தார். எல்லோரும் பொய் சொன்னால் எல்லோரும் அதிகமாகத்தானே சொல்லியிருப்பார்கள்? கணக்கு இப்படிச் சிதறுகிறது என்றால் அளவுகோலே ஆளுக்கு ஆள் மாறுகிறது என்று பொருள். இந்த இடைநிலத்தில்தான் வாடகையும் கடன் தவணையும் காலி நாற்காலியும், மருத்துவருக்கே தெரியாமல், தராசின் ஒரு தட்டில் விரல் வைக்கின்றன.

அந்த இடைநிலம் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். பல்லின் மேல் ஓடு எனாமல். அதற்கு உள்ளே டென்டின். நடுவில் நரம்பும் ரத்தக் குழாயும் ஓடும் கூழ். மருத்துவர் எடுக்கும் சிறிய எக்ஸ்ரேயில் எனாமல் நல்ல வெள்ளையாகவும், டென்டின் சாம்பல் நிறமாகவும், கூழ் கறுப்பாகவும் தெரியும். சொத்தை என்பது அந்த வெள்ளையிலோ சாம்பலிலோ விழும் கறுப்பு நிழல். நிழல் வெள்ளைக்குள்ளேயே நின்றால் அது எனாமல் சொத்தை. அங்கே பெரும்பாலும் மேற்பரப்பு உடைந்து குழி விழுந்திருக்காது. சர்க்கரையைக் குறைத்து, புளோரைடு உள்ள பற்பசையால் இரண்டு வேளை துலக்கி, தேவையானால் மருத்துவர் புளோரைடு வார்னிஷ் பூசினால் அது அங்கேயே நின்றுபோகலாம். போன தாதுச்சத்து திரும்பிச் சேர்ந்து இறுகவும் செய்யலாம். அது எனாமலைக் கடந்து உள்ளே போகவும் பொதுவாக ஆண்டுகள் ஆகும். நிழல் சாம்பலுக்குள் நன்றாக இறங்கி, குழியும் விழுந்திருந்தால் அடைப்பது சரி. கூழை ஒட்டி வந்துவிட்டால் பேச்சே வேறு. ஆக, "சொத்தை இருக்கா?" என்ற கேள்விக்கு உண்டு என்ற பதில் வந்தாலும் பெரிய பயனில்லை. எதுவரை இறங்கியிருக்கிறது, குழி விழுந்துவிட்டதா என்பதுதான் சிகிச்சையைத் தீர்மானிக்கிறது.

படம் பொய் சொல்லாது என்று நாம் நம்புகிறோம், ஆனால் படத்துக்கும் ஒரு குணம் உண்டு. பல்லின் கழுத்துப் பகுதியில், அதாவது எனாமல் முடிந்து வேர் தொடங்கும் இடத்தில், கதிர் எளிதாக ஊடுருவுவதால் சொத்தை இல்லாமலே ஒரு கறுப்புப் பட்டை தெரியும். பழகிய கண்ணுக்கு அது புரியும், அவசரக் கண்ணுக்குச் சொத்தையாகத் தெரியலாம். வாய் முழுவதையும் ஒரே வளைவாகக் காட்டும் ஓபிஜி படம் தாடை எலும்புக்கும் ஞானப் பல்லுக்கும் நல்லது. இரண்டு பல்லுக்கு நடுவே தொடங்கும் சிறிய சொத்தையைச் சொல்ல அது போதாது. கடைவாய்ப் பல்லின் மேல் பள்ளங்களில் ஓடும் பழுப்புக் கோடுகள் பல நேரம் வெறும் காபி, வெற்றிலைக் கறை, அல்லது எப்போதோ தொடங்கி எப்போதோ நின்றுபோன பழைய சொத்தை. கூர்மையான கம்பியை அந்தப் பள்ளத்தில் குத்தி, அது சிக்கிக்கொண்டால் சொத்தை என்று சொல்லும் பழைய முறையைப் பாடப் புத்தகங்களே இப்போது பரிந்துரைப்பதில்லை. பள்ளம் குறுகலாக இருந்தாலே கம்பி சிக்கும். அழுத்திக் குத்தினால், இறுகித் தேறியிருக்கக்கூடிய எனாமலை அந்தக் கம்பியே உடைத்தும் விடும்.

"சின்னதா இருக்கும்போதே அடைச்சுக்கிட்டா செலவு கம்மி, பெரிசாச்சுன்னா ரூட் கெனால்" என்பது மறுதரப்பின் வலுவான வாதம். டென்டினுக்குள் இறங்கிய குழிக்கு இது முழுக்கப் பொருந்தும். எனாமல் சொத்தைக்குப் பொருந்தாது. காரணம், அடைப்பு என்பது பல்லுக்கு வாழ்நாள் உத்தரவாதம் அல்ல. பல்லைப் போல வெண்மையாக வைக்கும் பிசின் அடைப்புகள் ஒருநாள் விளிம்பில் கசியும், உடையும், அடியில் புதுச் சொத்தை பிடிக்கும். பழையதை எடுத்துப் புதிதாக வைக்கும் ஒவ்வொரு முறையும் நல்ல பல்லும் கொஞ்சம் போகும். சிறிய அடைப்பு பெரிய அடைப்பாகி, பெரியது ரூட் கெனாலாகி, அதன்மேல் கேப் ஏறி, வேர் விரிசல் கண்டு, கடைசியில் பல்லைப் பிடுங்கும் நாள் வரும். எல்டர்டன் எச்சரித்தது இந்தச் சுற்றைத்தான். முதல் துளையைப் பத்தாண்டு தள்ளிப்போட முடிந்தால் அந்தப் பத்தாண்டும் பல்லின் ஆயுளில் சேரும். தள்ளிப்போடுவது என்றால் கண்டுகொள்ளாமல் விடுவது அல்ல. படத்தைப் பத்திரப்படுத்தி, குறித்த காலத்தில் மறுபடி பார்ப்பது.

சொத்தையைத் தவிர வேறு சில இடங்களிலும் கேள்வி கேட்க நியாயம் உண்டு. தொந்தரவு எதுவும் தராத ஞானப் பல்லை 'பின்னால பிரச்சினை வரும்' என்று முன்கூட்டியே எடுப்பதை, பிரிட்டன் அரசின் மருத்துவ வழிகாட்டு அமைப்பு 2000-ஆம் ஆண்டிலேயே வேண்டாம் என்றது. ஈறு ஆரோக்கியமாக உள்ள பெரியவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டாயக் கிளீனிங் செய்வதால் ஈறு நோய் குறைவதாகச் சான்று இல்லை என்று காக்ரேன் அமைப்பின் 2018 தொகுப்பாய்வு சொல்கிறது. (கிளீனிங் செய்தால் பல் ஆடிப்போகும் என்று நம் பக்கம் சொல்வதும் தவறு. ஈறில் ரத்தமும் காரையும் இருப்பவர் இந்த வரியைக் காட்டித் தப்பித்துக்கொள்ள வேண்டாம்.) பால் பல் சொத்தைக்கு வெள்ளி சேர்ந்த ஒரு புளோரைடுத் திரவத்தைத் தடவி நிறுத்திவைக்கும் முறை இருக்கிறது. 2021-இல் உலக சுகாதார நிறுவனம் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. சொத்தை இருந்த இடம் கருத்துப்போகும் என்பதுதான் குறை. ஊசியும் துளைப்பும் இல்லை, செலவும் சொற்பம். அதனால்தானோ என்னவோ அதைப் பற்றிப் பெற்றோரிடம் பேசுபவர்கள் குறைவு. இதற்கு நேரெதிராக, ரூட் கெனால் செய்த கடைவாய்ப் பல்லுக்குக் கேப் வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் அதைக் காசு பிடுங்கும் வேலை என்று எண்ணித் தட்டிக்கழிப்பவர்கள் ஏராளம். உள்ளே குடைந்த பல் கடிக்கும் விசையில் பிளந்துவிடும் என்பதால் அங்கே கேப் பெரும்பாலும் தேவைதான். உயிரோடு இருக்கிற, அதிகம் உடையாத பல்லைச் சுற்றிலும் ராவிக் கேப் மாட்டச் சொல்லும்போதுதான் புருவத்தை உயர்த்த வேண்டும்.

இங்கே ஒரு பெரிய ஆட்சேபம் வருகிறது. சூரிச் கதையை எதற்குக் கடலூரில் சொல்ல வேண்டும்? இங்கே மக்கள் அளவுக்கு மீறிச் சிகிச்சை எடுக்கிறார்களா, எடுக்காமல் இருக்கிறார்களா? இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002-03-இல் நடத்திய தேசிய ஆய்வில் 12 வயதுப் பிள்ளைகளில் 53.8 சதவீதத்தினருக்குச் சொத்தை இருந்தது. 35 முதல் 44 வயதுக்காரர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு இருந்தது. பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்துக் கிராமங்களில் வலி வந்தால் கிராம்பு வைத்து, மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி, கடைசியில் பல்லைப் பிடுங்கிக்கொள்வதுதான் நடைமுறை. இப்படிப்பட்ட இடத்தில் 'கேள்வி கேளுங்கள்' என்று எழுதினால் வருகிறவனும் வராமல் போய்விடுவான் என்று ஒரு மருத்துவர் வருத்தப்பட்டால் அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் அந்தக் கிராமத்துக்காரர் ஏன் வருவதில்லை? தூரமும் கூலி நாள் போவதும் காரணங்கள். போனால் என்ன சொல்லி எவ்வளவு கேட்பார்களோ என்ற பயமும் அவற்றோடு சேர்ந்துதான் அவரைத் தடுக்கிறது. பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் சாதாரணப் பல் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை, அவ்வளவும் சொந்தக் காசு. ஒரே தெருவில் ஒருவருக்கு அநாவசியமாகக் கேப் ஏறுவதும், பக்கத்து வீட்டுக்காரர் சீழ் வைக்கும்வரை வீட்டிலேயே இருப்பதும் ஒரே வேரிலிருந்து வருபவை. விளக்கம் கிடைக்கும், கேட்டால் திட்டு விழாது என்ற நம்பிக்கை இருந்தால் இரண்டாமவர் முன்னதாகவே வருவார்.

தள்ளிப்போடக் கூடாதவை எவை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். முகமோ தாடையின் கீழ்ப்பகுதியோ வீங்குவது, காய்ச்சலோடு பல்வலி, வாயைத் திறக்க முடியாமல் போவது, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் ஆகியவற்றுக்கு இரண்டாவது கருத்து தேடி அலையக் கூடாது, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பல்லில் தொடங்கிய சீழ் கழுத்துக்கு இறங்கி உயிரையே எடுத்துவிடும். வெற்றிலை பாக்கு, புகையிலை போடுபவர்கள் வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணும், வெள்ளையாகவோ சிவப்பாகவோ படியும் திட்டும் அதே வரிசைதான். அதிலிருந்து சதை எடுத்துப் பரிசோதிக்கலாம் என்று மருத்துவர் சொன்னால் அது காசுக்காகச் சொல்வது அல்ல. தானாக வந்து நிற்காமல் நீடிக்கும் வலி, ராத்திரி எழுப்பிவிடும் வலி, சூடு பட்டதும் துடிக்கும் பல் ஆகியவை கூழ் கெட்டதைக் காட்டும் அடையாளங்கள். அங்கே ரூட் கெனால் என்பது பல்லைக் காப்பாற்றும் பேச்சு. குளிர்ந்த தண்ணீர் பட்டு நொடியில் மறையும் கூச்சத்துக்கு உடனே ரூட் கெனால் என்றால் அங்கே நின்று கேட்கலாம்.

நம் பங்கும் இதில் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. பல இடங்களில் பல் மருத்துவரின் ஆலோசனைக் கட்டணம் பெயரளவுக்குத்தான், சிகிச்சை எடுத்துக்கொண்டால் அதுவும் இல்லை. அரை மணி நேரம் பார்த்து, படமெடுத்து, "உங்களுக்கு இப்ப ஒண்ணும் பண்ண வேணாம்" என்று நேர்மையாகச் சொல்லும் மருத்துவருக்கு அந்த அரை மணியில் வருமானம் ஏறக்குறைய பூஜ்யம். அடைத்தால் காசு, கேப் போட்டால் இன்னும் காசு. "சும்மா பாத்ததுக்கே இவ்வளவு ஃபீஸா?" என்று கேட்கிற நாமேதான் கேப்புக்கு ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுக்கிறோம். நாட்டில் 300-க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள், பெரும்பாலும் தனியார் கல்லூரிகள். லட்சக்கணக்கில் செலவழித்துப் படித்து வெளியே வருகிறவர்கள் நாற்காலியும் எக்ஸ்ரே கருவியும் கடனில் வாங்கி நகரங்களில் அடுத்தடுத்துக் கடை திறக்கிறார்கள். பள்ளியிலும் கல்யாண மண்டபத்திலும் நடக்கும் இலவசப் பல் பரிசோதனை முகாம்கள் பல உண்மையான சேவைதான். சில, நோயாளி பிடிக்கும் வலையும்கூட. முகாமில் டார்ச் வெளிச்சத்தில் எண்ணிச் சொன்ன சொத்தைக் கணக்கை எக்ஸ்ரே இல்லாமல் யாரும் இறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பார்த்துச் சொல்வதற்கு மட்டும் நல்ல கட்டணம் கொடுக்கும் பழக்கம் வந்தால், ஒன்றும் வேண்டாம் என்று சொல்லும் மருத்துவரும் வாடகை கட்ட முடியும்.

பார்ப்பவர் வேறு, சிகிச்சை செய்பவர் வேறு என்று பிரிப்பது இன்னும் வலுவான தீர்வு. இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை இருப்பது இங்கேதான். சிதம்பரம் அண்ணாமலை நகரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1980-இல் தொடங்கிய ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி நீண்டகாலம் கட்டணக் கல்லூரியாக இருந்தது. 2013-இல் பல்கலைக்கழகத்தை அரசு ஏற்ற பிறகும், மற்ற அரசுக் கல்லூரிகளைவிடப் பல மடங்கு கட்டணம் தொடர்வதை எதிர்த்து மாணவர்கள் போராடினார்கள். 2021 தொடக்கத்தில் மருத்துவக் கல்லூரியும் பல் மருத்துவக் கல்லூரியும் சுகாதாரத் துறையின் கீழ் வந்தன. அது முதல் அதன் பெயர் கடலூர் அரசு பல் மருத்துவக் கல்லூரி. பெயரைப் பார்த்துக் கடலூர் பேருந்து நிலையத்தில் இறங்கி வழி கேட்டால் திரும்பவும் சிதம்பரத்துக்கு வண்டி ஏற வேண்டியிருக்கும். கட்டடம் பழைய இடத்திலேயேதான் இருக்கிறது. பல் மருத்துவக் கல்லூரிகளில் புதிய நோயாளி முதலில் போவது வாய் நோய் அறிதல், கதிரியக்கத் துறைக்கு. அங்கே பார்த்து, படமெடுத்து, என்ன வேண்டும் என்று சீட்டில் எழுதி, பல் அடைக்கும் துறைக்கோ ஈறுத் துறைக்கோ அறுவைத் துறைக்கோ அனுப்புவார்கள். நோயைச் சொல்பவர் துளைப்பவர் அல்ல. சம்பளமும் துளையின் எண்ணிக்கையைப் பொறுத்தது அல்ல. சூரிச் ஆய்வு சுட்டிய கோளாறின் ஆணிவேர் இந்த ஏற்பாட்டில் அறுந்துபோகிறது.

கல்லூரி மருத்துவமனை என்றால் மாணவர்கள் கையைப் பழக்கும் இடம், நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டும் என்று சலித்துக்கொள்வார்கள். காத்திருக்கத்தான் வேண்டும். அங்கேயும் ஒரு சாய்வு இருக்கிறது: பி.டி.எஸ். மாணவர்கள் தேர்வுக்கு முன் இத்தனை பல் அடைத்திருக்க வேண்டும், இத்தனை பல் எடுத்திருக்க வேண்டும் என்று 'கோட்டா' உண்டு. கோட்டா முடிக்க ஆள் தேடும் மாணவர் கண்ணில் பழுப்புக் கோடும் சொத்தையாகத் தெரியலாம். ஆகவே கருத்து கேட்கப் போகிறவர், ஆசிரியர் பார்த்துச் சொல்லட்டும் என்று பணிவாகக் கேட்டுக்கொள்வது நல்லது. மாணவர் எழுதும் சீட்டில் ஆசிரியர் கையெழுத்திடுவதுதான் முறை என்பதால் இது கேட்கக் கூடாத கேள்வி அல்ல. சிகிச்சையை அங்கேயே எடுக்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. கருத்தை வாங்கிக்கொண்டு, வழக்கமாகப் போகும் மருத்துவரிடமே திரும்பலாம். கடலூர் நகரத்துக்காரர்களுக்கு அரசுத் தலைமை மருத்துவமனையின் பல் பிரிவு மஞ்சக்குப்பத்துக்குள்ளேயே இருக்கிறது. வடக்கே போனால் புதுச்சேரியில் ஜிப்மரின் பல் மருத்துவத் துறையும் மகாத்மா காந்தி பல் மருத்துவ முதுநிலைக் கல்லூரியும் உண்டு. ஐம்பதாயிரம் ரூபாய்ச் சிகிச்சைக்கு முன் ஒரு நாள் பேருந்துச் செலவு பெரிய கணக்கு அல்ல.

இன்னொருவரிடம் காட்டினால் குடும்ப மருத்துவர் மனம் கோணுவாரே என்ற தயக்கம் சின்ன ஊர்களில் மிகப் பெரியது. கீழ வீதியில் எதிரெதிரே பார்த்துக்கொள்பவர்களிடம் முகத்தை முறித்துப் பேச முடியாதுதான். ஆனால் கேட்கிற விதம் இருக்கிறது. "சார், இது எனாமலோட நிக்குதா, உள்ள இறங்கிடுச்சா? படத்துல காட்டுங்க." "இப்ப பண்ணாம ஆறு மாசம் கழிச்சுப் பாத்தா என்ன ஆகும்?" "இதைவிடச் சின்ன வைத்தியம் ஏதாவது இருக்கா?" என்று மூன்று கேள்விகள். எழுந்து உட்கார்ந்து, வாயில் குழாய் இல்லாதபோது கேட்க வேண்டும். தன் தீர்ப்பில் தெளிவாக இருக்கும் மருத்துவருக்கு இவை எரிச்சல் தரா. பலர் சந்தோஷமாகவே படத்தைத் திருப்பிக் காட்டுவார்கள். "நீங்க டாக்டரா, நான் டாக்டரா?" என்று பதில் வந்தால், அந்தப் பதிலே ஒரு தகவல். சட்டமும் கேட்பவர் பக்கம்தான். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதம் ஆகாது என்று சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. என்ன சிகிச்சை, மாற்று என்ன, ஆபத்து என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லிய பிறகே பெற்ற சம்மதம் செல்லும் என்பதும் அந்தத் தீர்ப்பின் சாரம். தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில், இரண்டாவது கருத்து பெறுவதும் தன் மருத்துவ ஆவணங்களைப் பெறுவதும் உரிமைகளாகவே எழுதப்பட்டிருக்கின்றன. தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலும் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் பிறகு முறையிட இருக்கின்றன. ஆனால் ராவிய பல்லை எந்த ஆணையமும் திருப்பித் தராது என்பதால், பிறகு முறையிடுவது முன்கூட்டிக் கேட்பதற்கு ஈடாகாது.

இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொல்லிவிட்டால்? குழப்பம் கூடியதாகத் தோன்றும். உண்மையில் அந்த முரண்பாடே, உங்கள் பல் மேலே சொன்ன இடைநிலத்தில் இருக்கிறது, உடனே முடிவெடுக்கும் அவசரம் பெரும்பாலும் இல்லை என்று காட்டிவிட்டது. துளைத்ததைத் திரும்பப் பெற முடியாது. காத்திருந்ததை எப்போது வேண்டுமானாலும் துளைத்துக்கொள்ளலாம். வலியும் வீக்கமும் குழியும் இல்லாதவரை சிறிய சிகிச்சை பக்கம் சாய்வதே கணக்கு. அதற்கு எக்ஸ்ரே படம் நம் கையில் இருக்க வேண்டும். இப்போது எல்லாம் டிஜிட்டல் படம்தான், கேட்டால் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். எந்தப் பல், எந்தத் தேதி என்று குறித்து வைத்துக்கொண்டு, மருத்துவர் சொன்ன காலத்தில் மறுபடி போய், அதே பல்லை அதே கோணத்தில் படமெடுக்கச் சொல்லி, பழையதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கேட்க வேண்டும். நிழல் சாம்பல் பக்கம் நகர்ந்திருந்தால் அன்றைக்கே அடைத்துக்கொள்ளலாம். நகரவில்லை என்றால் ஆலோசனைக் கட்டணத்தை முகம் சுளிக்காமல் கொடுத்துவிட்டு, அடுத்த தேதியை வாங்கிக்கொண்டு வரலாம்.